கேமராவுக்கு வைத்த சந்தனம்

அக்டோபர் 6, திங்கள்

மாலை விமானத்தை இரண்டாயிரம் அடி கீழே இறக்கிப் பறக்கவிட்டால் அதன் பின்னால் நீளும் வெள்ளைப் புகைக்கோடு வானத்தில் விழாமல் இருக்குமா? தெரியவில்லை. இருபது வருடம் இயற்பியல் நடத்தியும் தெரியவில்லை. விழுந்த கோடு மேகமாகப் பரவினால் பூமியின் சூட்டை இரவெல்லாம் மூடி வைக்கும் — அது தெரியும்.

பர்கூர்ப் பக்கம் எங்கள் கல்லூரி மாடியில் இருக்கும் கேமராதான் சாட்சி. ஒன்றாம் தேதியிலிருந்து ஐந்து மாலை ஒரு விமான நிறுவனம் உயரத்தை மாற்றிப் பறந்தது. கேமரா எடுத்த படங்களில் கோடுகளைக் கணினி எண்ணிச் சொன்னது: ஐந்து நாளும் பூஜ்யம். சோதனையை நடத்தும் சுரேந்தர் பெங்களூரிலிருந்து கூப்பிட்டார். "புதன்கிழமை ஓசூர் மீட்டிங்ல நீங்க இதச் சொன்னா போதும் மேடம். கம்பெனிக்காரங்க எல்லா ஃப்ளைட்டுக்கும் ஒத்துக்குவாங்க."

எனக்கும் அந்தப் பூஜ்யம் பிடித்திருக்கிறது. அதுதான் உறுத்துகிறது.

அக்டோபர் 7

மாடிக்குப் போனேன். வானத்தைப் பார்த்திருக்கும் கேமராவின் கண்ணாடி மூடியில், மேற்குப் பக்கம், காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம். நாலு விரல் அகலம். லேப் உதவியாளர் ராஜாத்தி பின்னாலேயே வந்தாள்.

"ஆயுத பூசைக்கு எல்லா மெசினுக்கும் வெச்சேங்க மேடம். இத மட்டும் உட்டுட்டா நல்லாவா இருக்கும்?"

"கண்ணாடி மேலயா?"

"நெத்தின்னு நெனச்சேங்க."

சிரிப்பு வரவில்லை. விமானங்கள் போகிற திசையே மறைந்திருக்கிறது. அவளைச் சொல்லி என்ன? ஐந்து நாளில் ஒரு படத்தையாவது நான் திறந்தேனா? எண்ணை மட்டும் பார்த்தேன்.

இப்போது திறந்தேன். மூன்றாம் தேதி, சந்தனத்தின் ஓரத்திலிருந்து ஒரு கோடு வெளியே நீள்கிறது. பாதிதான் தெரிந்ததால் கணினி எண்ணவில்லை. நாற்பது நிமிடம் கலையவில்லை.

சுரேந்தரிடம் சொன்னேன். "ஒரு பொட்டுக்காக எல்லாத்தயும் கெடுத்துடாதீங்க மேடம். இத நிறுத்திட்டாங்கன்னா அப்புறம் யாரும் தொடமாட்டாங்க."

அவர் சொல்வது பொய்யில்லை. அதான் பயமா இருக்கு.

அக்டோபர் 8, காலை

ஓசூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. படத்தை எடுத்துக்கொண்டேன். காட்டுவேனா?

அக்டோபர் 8, மாலை

காட்டினேன். யாரோ சிரித்தார்கள். விமான நிறுவனத்திலிருந்து வந்திருந்த பைலட் சுசித்ரா மட்டும் நேரத்தைக் கேட்டு, மடிக்கணினியில் தேடினார்.

"எங்க ஃப்ளைட்தான். அன்னைக்கு உயரத்தக் கொறச்சுப் பறக்க அனுமதி கெடைக்கல. பழைய உயரத்துலயே போனோம்."

சுரேந்தர் எழுந்தே விட்டார். "அப்ப நம்ம கணிப்பு சரின்னுதானே மேடம் அர்த்தம்!"

"ஒரே ஒரு கோட்ட வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. மத்த நாலு நாள நாம பாக்கவே இல்ல."

எல்லா விமானங்களுக்கும் என்ற பேச்சு அதோடு நின்றது. பத்து மாலை மறுபடி பறக்க மட்டும் ஒத்துக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குச் சுரேந்தர் வேறு மேசைக்குப் போய்விட்டார்.