தோளைத் தட்டியவள்

அன்புத் தோழிக்கு,

அலபாமாவில் கல்லூரி நாளில் நம் மாணவியர் சகோதரியர் சங்கம் கற்றுத்தந்த பேச்சு உனக்கு நினைவிருக்கும். புதிதாகச் சேர வரும் பெண்ணிடம் ஐந்து நிமிடம் சிரித்துப் பேச வேண்டும்; அதற்குள் இன்னொருத்தி வந்து நம் தோளைத் தட்டி, அவளோடு பேச்சைத் தொடர்வாள். பேச்சு அறுந்ததே தெரியக் கூடாது. அதில் நான் கெட்டிக்காரி.

போன மாதம் உன் மகனை அடக்கம் செய்த அன்று, "கடைசியா எனக்குத்தாண்டி போன் பண்ணான், நான் எடுக்கல," என்று ஆரம்பித்தாய்.

"டெலியா பீச் பழம் வெச்சு பை சுட்டுக் கொண்டுவந்திருக்கா, பாத்தியா?" என்றேன். நம் சங்கத்து டெலியாவைக் கண்ணால் கூப்பிட்டேன். அவள் வந்து என் தோளைத் தட்டினாள். நீயும் சிரித்தபடியே அவளோடு போனாய். நீயும் அந்தச் சங்கத்தில் பழகியவள்தானே.

சனிக்கிழமை தனியாக வருகிறேன். போன் அடித்ததிலிருந்து சொல்.

உன் பழைய அறைத்தோழி