செவ்வாய்க்கிழமைத் தட்டு

குருபரப்பள்ளி
3-7-2024

அன்பு மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், குறிப்பாக அத்தை. புனே சாப்பாடு ஒத்துக்கொண்டதா? போனில் பேசினால் அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அவருக்குத் தெலுங்கும் தமிழும் பேச வரும், படிக்கத்தான் வராது. ஆகவே இந்த வீட்டில் எனக்கென்று இருக்கும் ஒரே அறை இந்தத் தாள்.

பாப்பாவின் பிளந்த அண்ணத்தில் டாக்டர் நிர்மலா பொருத்திய பிளாஸ்டிக் தட்டைக் கழுவுவதற்கு மட்டும்தான் கழற்றலாம். "முதல் சில மாசம்தான் எலும்பு நம்ம பேச்சைக் கேக்கும். ரெண்டு பக்கமும் கிட்ட வந்துட்டா உதட்டைத் தைக்கிறது சுலபம்மா" என்றார். அத்தையோ செவ்வாய்தோறும் ஓசூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் கழற்றி, பீரோவில் பூட்டிவிடுகிறார். "கன்னுக்குட்டிக்கு வாய்ப்பூட்டு போட்டாப்பல இருக்குது. பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?" யாரும் பார்க்காதபடி எங்கள் இருவரையும் உள்ளறையில் வைத்திருப்பதும் அவர்தான். அடுத்த செவ்வாய் காலை மறுபடி மாட்டுவார். உங்கள் கம்பெனியில் ஆடிட் அன்று மட்டும் ஹெல்மெட் போடுவீர்களே, அந்த ஒழுங்கு.

பீரோச் சாவியைத் தரும்படி ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள்
லாவண்யா


புனே
10-7-2024

அன்பு லாவண்யா,

ஹெல்மெட் விஷயத்தை வெளியே சொல்லாதே.

அம்மாவிடம் பேசினேன். அழுதார். "உன்னை வளத்தவளுக்குப் புள்ளை வளக்கத் தெரியாதாடா?" என்றார். எப்படியும் ஆபரேஷனில் எல்லாம் சரியாகிவிடும். டாக்டர் கேட்டால் தினமும் போடுகிறோம் என்று சொல். செப்டம்பரில் வருகிறேன். அதுவரை அட்ஜஸ்ட் செய்துகொள்.

பாப்பாவுக்கு முத்தம்.

அன்புடன்
விமல்ராஜ்


ஓசூர்
23-7-2024

அன்பு மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே இன்று சொன்னேன். "தினமும் போடறோம் மேடம்."

டாக்டர் முதலில் எடுத்த வாய் அச்சையும் இன்று எடுத்ததையும் மேசையில் வைத்தார். இடைவெளி கொஞ்சமும் குறையவில்லை. வெகுநேரம் பார்த்தார். "அப்ப நான் செஞ்ச தட்டுதான் தப்பு. மன்னிச்சுக்கம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, புதிதாக ஒன்று செய்ய உட்கார்ந்தார். அத்தை பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

என்னால் முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். டாக்டர் திட்டவில்லை. "முகம் பதினெட்டு வயசு வரைக்கும் வளரும், கூடவே இருந்து பாக்கணும். ஆனா வீணாப் போன வாரங்கள் போனதுதான். ஆபரேஷனுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் சீட்டுப் பிடிக்க அத்தை முதலில் ஏறினார். பாப்பாவோடு நான் ஏறவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

கல்யாணத்துக்கு முன் என்னோடு கம்பெனியில் வேலை பார்த்த சாந்தம்மாவின் அறையில் இருக்கிறேன். ஷிப்டு மாறி மாறி மூன்று பேர் தூங்கும் அறை. நம் உள்ளறையைவிட வெளிச்சம் குறைவு. முகவரி எழுதவில்லை; உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடுவீர்கள்.

பாப்பா தட்டோடு அழுதுகொண்டே இருக்கிறாள். கழற்றினால் அந்த நொடியே நிறுத்துவாள். அத்தையை இப்போதுதான் எனக்குப் புரிகிறது. கை தானாக அவள் வாய்ப்பக்கம் போகிறது. அந்தக் கைக்கு வேறு வேலை கொடுக்கத்தான் இவ்வளவும் எழுதினேன்.

லாவண்யா