பிரஷர் இறங்கிய சேதி

மகளே,

சித்தப்பா ஜெயித்துவிட்டேன்! பிரஷர் இறங்காமல் கண்ணைத் தொடமாட்டேன் என்ற கோரிமேட்டு டாக்டரே ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார். நூற்று முப்பதைப் பார்த்ததும் ஆஸ்பத்திரியே கைதட்டியது.

போன மாதம் பஸ்ஸில் நான் மயங்கி விழுந்ததாக உன் சித்தி சொல்லியிருப்பாள். விழவில்லை, சாய்ந்தேன், இருபது பேர் ஏந்திக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் என் மாத்திரைப் பையைப் பார்த்த நர்ஸம்மா, "ஐயோ பெரியவரே, பழைய ரெண்டு மருந்தும் சேர்ந்ததுதான் இந்தப் புது மாத்திரை. மூணையும் சேர்த்தா முழுங்குனீங்க?" என்றாள்.

"சீக்கிரம் கொறையட்டும்னுதான்" என்றேன்.

இப்போது டாக்டர் சொன்னபடி காலையில் அந்த ஒன்று மட்டும்தான், ஒருநாள்கூடத் தவறவில்லை.

உன் கல்யாணத்தன்று மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். நானே பார்த்து உனக்குச் சொல்கிறேன்.

மணவறையில் உன் அப்பா இடத்தில் நிற்கப்போகும்
சித்தப்பா