பிறைத் திருத்தம்

மார்ச் 3
விடுமுறையில் வீட்டுக்கு வந்து மூன்று நாள். நான் அனுப்பிய காகிதத்தை அம்மா கண்ணாடிச் சட்டம் போட்டுத் தம்பி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். என் கையெழுத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை. அவனைக் கடலில் இறக்கிய இடம்.
ஒரே கப்பல். நான் இரண்டாம் அதிகாரி, அவன் என்ஜின் அறையில். நாலே நாள் காய்ச்சல். கரை பன்னிரண்டு நாள் தூரம்.
"மொகம் பாக்கத்தான் குடுத்து வைக்கல. எடத்தையாவது எழுதி அனுப்பு" என்று அழுதாள். அனுப்பினேன்.

மார்ச் 6
மாலையில் மாடிக்குப் போகவில்லை. மேற்கே வெள்ளிக் கிரகம் நிற்கும். அவனை இறக்கிய அன்றும் நின்றது. கேப்டன், "வேற யாரையாவது அளக்கச் சொல்லவா?" என்று கேட்டார். என் தம்பி, நான்தான் அளப்பேன் என்றேன். வீம்பு. செக்ஸ்டன்ட் கோணமானியில் வெள்ளியை அடிவானத்துக்கு இறக்கி, கப்பல் நின்ற இடத்தைக் கணக்கிட்டேன்.

மார்ச் 9
அடுத்த தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தேன். கோள்களின் இடம் சொல்லும் கப்பல் பஞ்சாங்கம், அந்த அல்மனாக்கின் முன்னுரையை யார் படிக்கிறார்கள்? இன்று படித்தேன்.
வெள்ளியும் நிலாவைப் போலத் தேயும். நாம் அளப்பது ஒளிரும் பக்கத்தை, நடுவை அல்ல. அதற்கொரு சிறு திருத்தம் சேர்ப்போம். பத்து வருடப் பழக்கம். இந்த ஆண்டு முதல் அட்டவணையிலேயே சேர்த்துத்தான் அச்சிட்டிருக்கிறார்களாம்.
நான் மறுபடியும் சேர்த்திருக்கிறேன்.

மார்ச் 10
மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். அவன் இருப்பது நான் எழுதிய இடத்துக்கு அரை மைல் கிழக்கே. எங்கள் ஊர்க் கரை மேற்கே.
அரை மைல்தானே? கப்பலுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் அம்மா தினமும் அந்த எண்களைத் தடவிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறாள் — டேய் தம்பி, உன்னை விட்ட எடத்தைக்கூட ஒழுங்கா எழுதத் தெரியலையேடா எனக்கு.

மார்ச் 11
சொல்லவில்லை.

மார்ச் 12
சொல்லிவிட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.
"கணக்குல தப்பு பண்ணிட்டேம்மா. அவன் அந்த எடத்துல இல்ல. அரை மைல் தள்ளி."
கத்தி நின்றது. கேட்டாள்: "எந்தப் பக்கம்டா? நம்ம பக்கமா, அந்தப் பக்கமா?"
"நம்ம பக்கம்மா."
"அப்ப சரி" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளே சட்டத்தைக் கழற்றிக் கொடுத்தாள்.
புதுக் காகிதத்தில் சரியான எண்களை எழுதினேன். அம்மாவுக்கு எண் படிக்கத் தெரியும். அது எந்தப் பக்கம் என்று பார்க்கத் தெரியாது.