ஞானசௌந்தரி கட்டில் கடை

தூத்துக்குடி
10 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மாதா உன்னையும் மதினியையும் காக்கட்டும். போனில் பேசினால் உடனே சண்டையாகிறது, அதனால் எழுதுகிறேன். கோபப்படாமல் முழுதும் படி.

பைபாஸ் ரோட்டில் திறக்கப் போகிற சென்னை ஃபர்னிச்சர் கம்பெனிக்கு நம் கடையை விற்றுவிடலாம் என்கிறாய். பாதி உன்னுடையது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கப்பலுக்குப் போன அப்பா திரும்பாத வருடம், அம்மா தன் பெயரிலேயே பீச் ரோட்டில் ஓலைக் கொட்டகை போட்டு, இரண்டே கட்டிலை வைத்து ஆரம்பித்த கடை இது. நம்மைப் படிக்க வைத்ததும் இதுதான். அவளை அடக்கம் செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

ஆகஸ்டில் வரும் மாதா கோயில் திருவிழா வரை பொறு. அதற்குள் கடையை நிமிர்த்த முடியாவிட்டால் நானே கையெழுத்துப் போடுகிறேன்.

உன் தங்கை,
ஜெமிமா

மஸ்கட்
2 மார்ச் 2024

பாசமுள்ள ஜெமிக்கு,

நலம். நீ அனுப்பிய மாசிக் கருவாடு வந்தது. உன் மதினி ஷெர்லின் பூட்டி வைத்துக்கொண்டு எனக்கு அளந்து போடுகிறாள்.

சரி, திருவிழா வரை. அதற்கு மேல் கேட்காதே. சென்னைக்காரர்களுக்கு நான்கு மாடி, லிஃப்ட், ஏசி. உனக்கு ஒரு மினி லாரி, அதுவும் தள்ளினால்தான் ஓடும்.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்கிறேன். கட்டில் வாங்கிய வீட்டுக்கே அம்மா ஸ்பேனரோடு போய் மாட்டிக் கொடுப்பாள். பள்ளிக்கூடத்தில் என்னைப் பெயர் சொல்லி யார் கூப்பிட்டார்கள்? "ஏலே, கட்டில்கடைக்காரி மவனே, இங்கன வாலே" என்பார்கள். அந்தக் கடை போனால் எனக்கு நிம்மதி.

அண்ணன்,
ஜாய்சன்

தூத்துக்குடி
20 மே 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சென்னைக்காரர்கள் காயல்பட்டினம் முழுக்க போர்டு வைத்தார்கள்: "மாப்பிள்ளை வீட்டுக்கு இலவச டெலிவரி." காயலில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குக் குடிவருவார்! ஊரே சிரித்தது. மறுவாரமே போர்டை மாற்றிவிட்டார்கள், விவரமான ஆட்கள்தான்.

போன வாரம் அங்கே அம்மாவின் பழைய வாடிக்கைக்காரி பல்கீஸ் அக்கா மகள் சமீராவுக்குக் கல்யாணம். கட்டிலைச் சென்னைக்காரர்களிடம்தான் வாங்கினார்கள், எனக்கு வருத்தம்தான். கட்டில் துண்டு துண்டாக வந்து இறங்கியது. வீடு நிறையப் பெண்கள். மாட்ட வந்த ஆண்கள் உள்ளே போக முடியாமல் தெருவில் நிற்கிறார்கள். பல்கீஸ் அக்கா எனக்குப் போன் போட்டார்: "ஏளா ஜெமிமா, உங்கம்மா இருந்தா இந்நேரம் மாட்டி முடிச்சிருப்பா. நீ வாரியா, இல்லியா?"

பாலிஷ் போடும் சந்தனச்செல்வியையும் பில் போடும் ஈவாஞ்சலினையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். அவசரத்தில் கூடத்திலேயே வைத்து மாட்டிவிட்டோம். மணப்பெண் அறை வாசலில் கட்டில் நுழையவில்லை! திரும்பக் கழற்றினோம். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முடித்ததும் உட்கார வைத்து இனிப்பான வட்டிலப்பம் கொடுத்தார்கள். எழுந்திருக்கும்போது மூன்று கல்யாண வீட்டு ஆர்டர் என் கையில். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்!

ஜெமிமா

தூத்துக்குடி
15 ஜூலை 2024

அண்ணா,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கோபமா?

கட்டில் மாட்டுவதற்கென்றே இப்போது எட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். காயலோடு நிற்கவில்லை. கீழவைப்பாரிலிருந்தும் ஸ்ரீவைகுண்டத்திலிருந்தும் கூப்பிடுகிறார்கள். ஆண்கள் கடலிலோ துபாயிலோ இருக்கிற வீடுகள், பெண்கள் வந்தால் அவர்களுக்கும் நிம்மதி. புது வேன் வந்துவிட்டது. அதில் "கட்டில்கடைக்காரி" என்று பெரிதாக எழுதச் சொன்னேன். உன்னைக் கேட்கவில்லை. உனக்கு வலிக்கும் என்று தெரியும். எனக்கு அது பெருமை. படம் அனுப்பியிருக்கிறேன், பார்.

ஜெமிமா

மஸ்கட்
30 ஜூலை 2024

அன்புத் தங்கச்சிக்கு,

வேன் படத்தைப் பார்த்ததும் உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஷெர்லினோ அதைத் தன் ஆபீஸ் முழுக்கக் காட்டியிருக்கிறாள், "இது எங்க மாமியார்" என்று. அத்தனை பேரும் அம்மாவைப் பற்றிக் கேட்டார்களாம். அதற்குப் பிறகு என்னால் கோபப்பட முடியவில்லை, அழுகைதான் வந்தது.

நேற்று சென்னைக் கம்பெனி மேனேஜர் போன் செய்தார். பத்திரம் பற்றிப் பேசத்தான் என்று நினைத்தேன். "சார், உங்க கடைப் பொண்ணுங்க எங்க கட்டிலையும் மாட்டித் தருவாங்களா? கஸ்டமர் எல்லாம் அவங்களைத்தான் கேக்குறாங்க" என்றார். குரலில் அவ்வளவு பணிவு. கடை விற்பதற்கில்லை என்று முதலில் சொன்னேன்.

"அப்ப இந்த விஷயத்தை யார்கிட்ட பேசணும் சார்?"

"எங்க முதலாளிகிட்ட. என் தங்கச்சி" என்று உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். கூப்பிடுவார். உடனே எடுத்துவிடாதே ஜெமி, கொஞ்ச நேரம் மணி அடிக்கட்டும்.

உன் அண்ணன்,
ஜாய்சன்