நீல மை விழாத தகடு

ஏழாம் தேதி, காலை ஆறேகால் மணி. சிறையில் இதுவரை எடுத்த கண்ணாடிப் படங்கள் முப்பத்தொன்று.

அன்பு மகளுக்கு, நான் நலம், நீயும் நலமாகத்தான் இருப்பாய், அம்மா நலமாக இல்லை. எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. இனி மாதக் கணக்கு இல்லை, வாரக் கணக்குதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சின்னவனைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடியாக இருந்தாள், படுக்கையை விட்டு எழ முடியாதவளைச் சிறைக்கு எப்படிக் கூட்டிப்போவது, அவனையும் வெளியே விட மாட்டார்களாம். உள்ளே போன், கேமரா எதுவும் கூடாது. எங்கள் கல்லூரி ஆய்வகத்திலிருந்து போய்க் கைதிகளைப் பழைய முறையில் கண்ணாடித் தகட்டில் படம் எடுக்கிறோமே, அதற்கு மட்டும்தான் அனுமதி, ஆளுக்கு ஒரு தகடு. போன வாரம் உன் தம்பியின் முறை வந்தது. தகட்டில் பூசிய மருந்து காய்வதற்குள் எடுத்தாக வேண்டும், எட்டு விநாடி ஆடாமல் இரு என்றேன். கல்யாண போட்டோவுக்குக்கூட இவ்ளோ பாடுபடுத்த மாட்டாங்கப்பா என்று சிரித்தான். எட்டு வருஷம் உட்காரப் போறவன், எட்டு செகண்ட் உட்கார மாட்டியாடா என்றார் காவலர். உட்கார்ந்தான். கழுத்தில் 'அம்மா' என்று பச்சை குத்தியிருக்கிறானே, அது தெரியும்படி திரும்பி உட்கார்ந்தான். இதை அம்மா பாக்கணும்ப்பா என்றான்.

அது நீல மை. இந்த மருந்துத் தகட்டில் எடுக்கும் படத்தில் நீலம் வெளுத்துப்போய்த் தோலோடு தோலாகக் கரைந்துவிடும். முதல் வருடப் பிள்ளைகளுக்கு நானே நடத்தும் பாடம். அன்றைக்கு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் புத்தியில் ஏறவில்லை.

அம்மா படத்தை வாங்கியதும் கழுத்தைத்தான் தேடினாள். அழிச்சிட்டானா என்று கேட்டாள். விளக்கினேன். உங்க பிள்ளைக்காக மருந்து மேல பழி போடாதீங்க என்று தகட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அதன்பிறகு அவன் பேச்சையே எடுக்கவில்லை.

உனக்குத் தம்பிமேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், போனில் அம்மாவிடம் காட்டாதே. வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு குளிரில் அலையாதே. எங்கே இருந்தாலும் மனம் கலங்காமல் நன்றாக இரு, கண்ணு.

உன் அப்பா

இனி நான் செய்யப் போவது:

1. சனிக்கிழமை சிறை அதிகாரியிடம் இன்னொரு தகட்டுக்கு அனுமதி கேட்பேன். முடியாது என்றால் வாசலிலேயே உட்காருவேன்.

2. அந்த எழுத்தின் மேல் கறுப்பு மை தடவிப் படம் எடுப்பேன். ஏமாற்று வேலை என்று யார் சொன்னாலும் சரி.

3. அதற்குள் அம்மா போய்விட்டால், படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள் என்று சின்னவனிடம் சொல்வேன். நீயும் அப்படியே சொல்.