பனர் கட்டி நிறுத்திய ஓட்டம்

ஒக்டோபர் 3, வெள்ளி

மப்பு. மழை இல்லை. வயல் உழுதாயிற்று, இனி வானத்தைப் பார்ப்பதுதான் வேலை. உழவு மெசினில் எண்ணெய் ஒழுகுகிறது. பார்க்க வேண்டும்.

நாளையோடு சனி ஓட்டத்துக்கு ஒரு வருசம். மகள் தர்சினி தொடங்கியது. விடியற்காலை குளக்கட்டில், தண்ணீர் திறக்கிற துருசடியில் புறப்பட்டு, மிச்சத் தண்ணீர் வழிகிற வான் வரை போய்த் திரும்ப வேண்டும். ஓடுகிறவர் ஓடலாம், நடக்கிறவர் நடக்கலாம். காசில்லை, பரிசில்லை, பெயர்ப் பதிவும் இல்லை. முடிவில் ஒரு இஞ்சித் தேத்தண்ணி. நானும் போவேன். முதலில் என் வயிறு வந்து சேரும், பிறகு நான். எங்கள் இருவருக்கும் பின்னால் யாரும் வருவதில்லை, தையல்கார மலரைத் தவிர.

ஒரு வருசத்தை இப்படி மொட்டையாக விடலாமா? ஊரில் கிணறு இறைத்தாலே பிரதம விருந்தினர் வருகிற காலம். தர்சினிக்குத் தெரியாமல் சந்தியில் பனர் கட்டினேன். ‘மாபெரும் மரதன் ஓட்டப் போட்டி. அனைவரும் வருக.’ நடுவில் மகள் கைகூப்பிய படம் (கலியாண வீட்டில் எடுத்தது, பக்கத்தில் நின்ற மாமியை வெட்டியாயிற்று). ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் பிரதம விருந்தினர். குத்துவிளக்கு இரவல். ஒலிபெருக்கியும் சொல்லியாயிற்று.

மனுசி: “பிள்ளையிட்டக் கேட்டனீங்களோ?”

“கேட்டா வேண்டாம் எண்டுவாள். அதுதான் கேக்கேல்லை.”

ஒக்டோபர் 4, சனி

எழுதவே மனமில்லை. இருந்தாலும்.

சந்தியைத் தாண்டும்போது தர்சினி பனரைப் பார்த்தாள், நடையைக் கூட்டினாள். துருசடியில் குத்துவிளக்கு, மாலையோடு அதிபர், பிறகு மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி ஒருவர். குளத்துக்குப் பொறுப்பான அதிகாரி. பனர் அவர் கண்ணிலும் பட்டிருக்கிறது.

“ஆர் இதுக்குப் பொறுப்பு?”

அதிபர் என்னைப் பார்த்தார். நான் குத்துவிளக்கைப் பார்த்தேன். தர்சினிதான், “நான், சேர்” என்றாள்.

“குளக்கட்டில மரதன் வைக்க ஆர் அனுமதி தந்தது?”

“மரதன் இல்லை, சேர். சும்மா ஓடுறனாங்கள். ஒரு வருசமா.”

“ஒரு வருசமாவோ!”

பிரதேச சபைக் கடிதம் வேண்டும். பொலிஸ் கடிதம் வேண்டும். அம்புலன்ஸ் நிற்க வேண்டும். யாருக்கும் ஏதும் நடந்தால் பொறுப்பேற்கிறோம் என்று எழுதிக் கையெழுத்து வேண்டும். அதுவரை ஓட்டம் இல்லை. பொல்லாத மனிதர் என்று சொல்ல முடியாது. “ஒருத்தர் சறுக்கிக் குளத்துக்க விழுந்தா, கேள்வி என்னட்டத்தான் வரும்” என்றார். அது சரிதானே.

சனம் கலைந்தது. தேத்தண்ணி மிச்சம். அதிபர் மாலையைத் தன் கையாலேயே கழற்றினார்.

வீட்டில் தர்சினி: “நல்லதுக்குத்தானே செய்தனீங்கள், அப்பா.” ஏசியிருந்தால் சோறு இறங்கியிருக்கும்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

வெயில். கடிதங்களுக்காகக் கந்தோர் கந்தோராக அலைச்சல்.

பொலிஸ்: “முதல்ல சபைக் கடிதம் கொண்டாங்கோ.” சபை: “குளம் எங்கட இல்லையே. கட்டுக்குப் பொறுப்பானவையின்ர கடிதம் கொண்டாங்கோ.” கட்டுக்குப் பொறுப்பானவர்: “முதல்ல பொலிஸ்.” சனிக்கிழமை நடக்காத நடையெல்லாம் இன்றைக்கு நடந்தேன்.

சபையில் ஒரு கிளாக்கர் பிள்ளை விண்ணப்பம் நிரப்பினாள்.

“போட்டியின்ர பெயர்?”

“பெயர் இல்லை, பிள்ளை.”

“பரிசு?”

“இல்லை.”

“பார்வையாளர் எத்தினை பேர்?”

“ஒருத்தரும் இல்லை.”

பேனையை வைத்துவிட்டாள். “அப்ப என்னத்துக்கு ஐயா ஓடுறீங்கள்?”

இதற்கு என்ன சொல்வது? “சீனி வருத்தம், நீரிழிவு” என்றேன். அதையும் எழுதினாள்.

ஒக்டோபர் 9, வியாழன்

காற்சட்டை இடுப்பு இளக்க மலரிடம் போனேன். (ஓடியும் இளக்க வேண்டியிருக்கிறது. யாருக்கும் சொல்லக்கூடாது.) மலர் எங்கள் ஒழுங்கையில் தையல் தைக்கிறவள். யுத்தத்தில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. செயற்கைக் கால். சனிக்கிழமை தவறாமல் கட்டுக்கு வருவாள். கடந்த சனி காணவில்லை.

“ஏன் பிள்ளை வரேல்லை?”

“வந்தனான், அண்ணை. சந்தி மட்டும் வந்தனான். பனரைப் பாத்திட்டுத் திரும்பீட்டன்.”

“பனர் உன்னை என்ன செய்தது?”

மெசினை நிறுத்தினாள். “ரோட்டால போனா, கடையில நிக்கிறவை கதையை நிப்பாட்டிப்போட்டுப் பாப்பினம். பஸ்ஸில போற சனம் எட்டி எட்டிப் பாக்கும். கட்டில ஒருத்தரும் பாக்கிறேல்லை. ஓடுறவைக்குத் தங்கட மூச்சோட பாடு. உங்களுக்கு உங்கட வயித்தோட பாடு.” சிரித்தாள். “எனக்கு அது காணும், வேறொண்டும் வேண்டாம். அண்டைக்குப் பாத்தா, ஊரையே கூப்பிட்டு வச்சிருக்கிறியள்.”

“இப்ப எங்க நடக்கிறனீ?”

“அறைக்குள்ள. சுவரில இருந்து சுவருக்கு.”

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். காற்சட்டையை வாங்கிக்கொண்டு வந்தேன். வருகிற வழியில் பனரை அவிழ்த்தேன். முதலே அவிழ்த்திருக்க வேண்டும். மகளின் படம் வெயிலுக்கு வெளிறி, யாரோ மாமி போல இருந்தது.

ஒக்டோபர் 11, சனி

மழை. விதைக்கலாம். ஓட்டம் இல்லை. தர்சினி வழமைபோல விடியவே எழும்பிச் சப்பாத்தும் போட்டுவிட்டுக் கதிரையில் இருந்தாள். நான் நித்திரை கொள்வது போல் கிடந்தேன். மனுசி என்னை முழங்கையால் இடித்தாள். அதற்கும் நித்திரை.

ஒக்டோபர் 14, செவ்வாய்

விதைப்பு. முதுகு முறிந்தது.

பின்னேரம் பிரதேச சபையில் இருந்து ஒரு பெரியவர் ஃபோன். விண்ணப்பம் பார்த்தாராம். அனுமதி எல்லாம் அவரே எடுத்துத் தருவாராம். மேடை, முதல் மூன்று பேருக்குக் கிண்ணம், கமரா. “உங்கட ஓட்டத்தில கால் இல்லாத தங்கச்சி ஒராள் நடக்கிறாவாமே? அவாவை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போத்துவம்.” நான் ஃபோனுக்கே தலையாட்டினேன். சேற்றுக் காலோடு வீட்டுக்கு ஓடினேன். உண்மையாகவே ஓடினேன்.

தர்சினி கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு: “மலர் அன்ரிக்குப் பொன்னாடையோ?”

“பின்ன? நல்லதுதானே!”

“அப்ப நீங்களே போய் அவாவிட்டச் சொல்லுங்கோ.”

மலர் வீட்டுப் படலை வரைதான் போனேன். சுவரில் இருந்து சுவருக்கு என்று அவள் சொன்னது அங்கேதான் ஞாபகம் வந்தது. திரும்பி வந்து கிணற்றடியில் கால் கழுவினேன். நெடுநேரம் கழுவினேன்.

பெரியவருக்கு ஃபோன் எடுத்து, ஒன்றும் வேண்டாம் என்றேன்.

“அனுமதி வேண்டாமோ?”

“அனுமதி வேணும், ஐயா. மேடைதான் வேண்டாம்.”

“மேடை இல்லாம என்னத்தைக் காட்டி அனுமதி எடுக்கிறது?”

வைத்துவிட்டார். மனுசி பிட்டுக்குத் தேங்காய்ப்பூ கூடப் போட்டாள். ஏனென்று கேட்கவில்லை.

ஒக்டோபர் 17, வெள்ளி

வயல்காரர் எல்லோரும் கூடுகிற கமக்காரர் கூட்டம். தண்ணீர் திறப்பது பற்றி வழமையான சண்டை. கடைசியில் அதே அதிகாரி எழும்பினார். மாரி தொடங்குது, கட்டில் நண்டு வளை, எலி வளை, புற்று எல்லாம் பார்க்க வேண்டும், தன்னிடம் ஆள் இல்லை, கமக்காரர் முறை போட்டுக் காவல் பார்க்க வேண்டும் என்றார். வருசா வருசம் இதுதான். வருசா வருசம் எல்லோரும் நிலத்தைப் பார்ப்பார்கள். செயலாளர் நவம் அண்ணை, “ஆர் முன்னுக்கு வாறது?” என்றார். நிலம்.

எழும்பினேன். ஏன் எழும்பினேன் என்று கால்தான் சொல்ல வேண்டும்.

“சனிக்கிழமை விடியப்புறம் நாங்கள் பாக்கிறம்.”

அதிகாரி: “நாங்கள் எண்டால் ஆர்? அந்த மரதன்காரரோ?”

சிரிப்பு.

“ஓடியோ நடந்தோ?”

“வளை தெரியிற வேகத்தில, சேர்.”

“போட்டி?”

“இல்லை.”

“விருந்தினர்?”

“சத்தியமா இல்லை.”

யோசித்தார். “கும்பலாப் போகக்கூடாது. ரெண்டு மூண்டு பேராப் பிரிஞ்சு போங்கோ. துருசடியில கூடி நிக்கிறதும் இல்லை. கட்டு ஈரமெண்டா ஒருத்தரும் ஓடக்கூடாது. வளை கண்டா எனக்கு ஃபோன் எடுங்கோ. காவலுக்குக் கடிதம் தேவையில்லை.”

நவம் அண்ணை காதுக்குள்: “காணி விதானை உத்தியோகத்துக்கே போகலாமடா நீ.” பத்தாம் வகுப்பு இரண்டு தரம் எழுதினவனுக்கு நல்ல வார்த்தை.

தர்சினியிடம் சொன்னேன். துள்ளுவாள் என்று நினைத்தேன். “மாரி முழுக்க ஓடேலாது. தேத்தண்ணியும் இல்லை. அப்ப ஓட்டம் இல்லைத்தானே அப்பா, காவல்தானே” என்றாள். ஒரு வருசம் அவள் வளர்த்த ஒன்றை நான் வேறு ஒன்றாக்கிவிட்டேன். அவள் சொன்னது உண்மை.

பிறகு ஃபோனை எடுத்து வட்ஸ்அப்பில் எல்லோருக்கும் எழுதினாள். மலருக்கு நான் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. என் வாய் சும்மா இருப்பதே இப்போதைக்கு உதவி.

ஒக்டோபர் 18, சனி

இரவு பெய்த மழை விட்டிருந்தது. கட்டு ஈரம். ஒருவரும் ஓடவில்லை. இரண்டு பெடியள், “அங்கிள், இது ஆமைக்குக் காவல்” என்று சொல்லி வானடி போகாமலே திரும்பினார்கள். அடுத்த கிழமை வரமாட்டார்கள் போல.

“தொடங்குவம்” என்று சொல்ல ஆளில்லை. வந்தவர் வந்தபடி போனார்கள். தர்சினி முன்னால் இரண்டு பேரோடு, குனிந்து குனிந்து. எனக்கு யார் முதல், யார் கடைசி என்றே விளங்கவில்லை. ஒரு வருசத்தில் முதல் தடவை.

பாதி வழியில் பின்னால் சத்தம். ஒரு அடி மெத்தென்று, ஒரு அடி டொக்கென்று. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன். ஈரத்தில் சறுக்குமோ என்று பயமாகவும் இருந்தது. அதையும் பிடித்து நிறுத்தினேன்.

சத்தம் பக்கத்தில் வந்தது.

“வளை ஏதும் கண்டனீங்களோ, அண்ணை?”

“இன்னும் இல்லை.”

“நான் வயல் பக்கம் பாக்கிறன். நீங்கள் தண்ணிப் பக்கம் பாருங்கோ.”

தண்ணிப் பக்கம் பார்த்துக்கொண்டே நடந்தேன்.